ஏழு தடவை எழுந்தும் பூஜ்யமா? முட்டித் தேய்மானத்துக்கு நாற்காலியும் ஸ்டாப்வாட்சும் எதற்கு

இங்கே மொரீஷியஸில், காத்ர் போர்னிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 67 வயது, இரண்டு முட்டியிலும் தேய்மானம், வலது முட்டி ரொம்ப மோசம், மாற்று அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். வலிக்கு ஏதாவது செய்வார்கள் என்று பிசியோதெரபிக்குப் போனால், முதல் நாள் அந்தப் பிசியோ பெண் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, எழுந்து எழுந்து உட்காரச் சொல்லி எண்ணியிருக்கிறார், வராந்தாவில் நடக்கவிட்டு ஸ்டாப்வாட்ச் பிடித்திருக்கிறார், கடைசியில் ஒரு தாளில் "0 (7), 14.2, 42" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கையைத் தொடையில் ஊன்றி ஏழு தடவை எழுந்தவருக்குப் பூஜ்யம் போட்டதில் அம்மாவுக்கு மனசு நொந்துபோய்விட்டது. ஆறு வாரப் பயிற்சிக்கு அப்புறம் அதே சோதனைகளில் "4, 13.1, 38". அம்மாவோ வலி அப்படியேதான் இருக்கிறது என்கிறார். எக்ஸ்ரே எடுத்தாயிற்று, அதில் எல்லாம் தெரிகிறது, அப்புறம் எதற்கு இந்த உட்கார்ந்து எழும் வேலை, இந்த எண்களுக்கு அர்த்தம் என்ன, வீட்டிலேயே எடுத்துப் பார்க்கலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறார்.

மூன்றும் ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. அம்மா தேறுகிறாரா இல்லையா, அவர் வாயால் சொல்வதை நம்புவதா, தாளில் இருப்பதை நம்புவதா? இதுதானே தம்பி? (தம்பி என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், எனக்கு வயதாகிவிட்டது.) நான் பிறந்தது ரோஸ் ஹில்லில், பிசியோதெரபி படித்தது சென்னையில், இருபது வருடத்துக்கு மேலாக இங்கே முட்டியும் இடுப்புமாகத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை, அவருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு ஏதாவது இருக்கிறதா என்றும் நீங்கள் எழுதவில்லை. அதனால் அந்த எண்களைப் பற்றித்தான் பேச முடியும், அம்மாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன்.

முதலில் அந்தப் பூஜ்யம். அது அம்மாவுக்குப் போட்ட மார்க் இல்லை, சோதனையின் விதி அப்படி. முப்பது விநாடி நாற்காலிச் சோதனை என்று அதற்குப் பெயர். கைப்பிடி இல்லாத நேரான நாற்காலி, உட்காரும் பலகை தரையிலிருந்து சுமார் 43 செ.மீ. உயரம், முதுகுப்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொள்ள வேண்டும், முப்பது விநாடியில் முழுசாக எழுந்து முழுசாக உட்கார்ந்தது எத்தனை தடவை என்று எண்ணுவார்கள். மணி அடிக்கும்போது பாதிக்கு மேல் எழுந்திருந்தால் அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வார்கள். கையை எங்கேயாவது ஊன்றினால் முறையான கணக்கு பூஜ்யம்தான், ஆனால் ஊன்றி எத்தனை தடவை எழுந்தார் என்பதைப் பக்கத்தில் தனியாகக் குறித்து வைக்கலாம். உங்கள் பிசியோ செய்தது அச்சு அசல் அதைத்தான். 0 என்றால் கையில்லாமல் எழ முடியவில்லை, அடைப்புக்குள் 7 என்றால் கை ஊன்றினால் ஏழு தடவை முடிந்தது. இதைச் சோதனைக்கு முன்னாலேயே அம்மாவிடம் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் மனசு நொந்திருக்காது. எங்கள் தொழிலில் நாங்கள் அடிக்கடி விடும் பிழை இது, நானும் விட்டிருக்கிறேன்.

கைக்கு ஏன் இவ்வளவு கறார் என்றால், நாற்காலியிலிருந்து எழும்போது உடம்பைத் தூக்குவதில் பெரிய பங்கு தொடையின் முன்பக்கத் தசைக்கும் பிட்டத் தசைக்கும். முட்டி வலிக்க ஆரம்பித்தால், வீங்கினால், முதலில் சுணங்குவது அந்தத் தொடைத் தசைதான். மூட்டிலிருந்து போகும் சேதி நரம்பு வழியாகத் தசையை அடக்கி வைக்கிறது, தசை மெலிகிறது, மெலிந்த தசையால் மூட்டைத் தாங்க முடியாமல் வலி இன்னும் கூடுகிறது. கையை ஊன்றினால் அந்தப் பலவீனம் மறைந்துவிடும். வீட்டில் சோபாவின் கைப்பிடியைப் பிடித்து எழுபவரைப் பார்த்தால் நன்றாகத்தானே எழுகிறார் என்று தோன்றும். கழிப்பறையில் பிடிக்க ஒன்றும் இல்லாதபோதுதான் உண்மை தெரியும்.

அதனால் அந்தத் தாளில் எனக்குக் கண்ணில் பட்டது நொடிக்கணக்கு எதுவும் இல்லை, அந்த 0 இப்போது 4 ஆகியிருப்பதுதான். ஆறு வாரத்துக்கு முன் கையில்லாமல் ஒரு தடவைகூட எழ முடியாதவர் இப்போது நான்கு தடவை எழுகிறார். இடுப்புத் தேய்மானம் உள்ளவர்களிடம் செய்த ஓர் ஆய்வில், நல்ல முன்னேற்றம் என்று சொன்னவர்களிடம் இந்த எண்ணிக்கை இரண்டிலிருந்து இரண்டரை வரை கூடியிருந்தது. அது இடுப்பு, உங்கள் அம்மாவுடையது முட்டி, அதனால் அந்தக் கணக்கை அப்படியே இங்கே ஒட்டவைக்கக் கூடாது. ஆனாலும் ஒன்றுமில்லாததிலிருந்து நான்கு என்பதை எந்தக் கணக்கில் போட்டாலும் நான் முன்னேற்றம் என்றுதான் சொல்வேன்.

நான்கு போதுமா என்றால் போதாது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் முதியோர் கீழே விழாமலிருப்பதற்காக வெளியிட்ட அட்டவணையில், 65 முதல் 69 வயதுப் பெண்கள் 11க்குக் கீழே எழுந்தால் சராசரிக்குக் குறைவு, ஆண்கள் என்றால் 12க்குக் கீழே. அந்த அட்டவணையைப் பார்த்து நீங்கள் பயந்திருப்பீர்கள் போல, கேள்வியில் "பதினொன்று வேண்டுமாமே" என்று எழுதியிருக்கிறீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும். 1990களில் கலிபோர்னியாக்காரர்கள் தனியாக நடமாடக்கூடிய, பெரிய நோய் இல்லாத அமெரிக்க முதியவர்கள் ஏழாயிரம் பேருக்கு மேல் அளந்து வெளியிட்ட எண்களின் வழியில் வந்தது அது. முட்டி மாற்றக் காத்திருக்கும் மொரீஷியஸ் அம்மாவை அவர்களோடு ஒப்பிட்டால் யாரும் தோற்றுத்தான் போவார்கள். நான் அந்த அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைப்பதில்லை. அம்மாவுடைய இன்றைய எண்ணை அம்மாவுடைய ஆறு வாரத்துக்கு முந்தைய எண்ணோடு மட்டும் வைத்துப் பாருங்கள், அதுவும் அதே நாற்காலியில் எடுத்திருந்தால்.

நாற்காலி என்றதும் ஒரு கதை. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு மாதம் என்னிடம் வந்த எல்லாருடைய எண்ணிக்கையும் திடீரென்று கூடிவிட்டது, ஒருவருக்கு இரண்டு, இன்னொருவருக்கு மூன்று. என் பயிற்சிதான் அவ்வளவு அற்புதம் என்று ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, பழைய நாற்காலியின் கால் உடைந்து யாரோ எடுத்துப் போய், அதே மாதிரி இருக்கிற இன்னொன்றை அங்கே வைத்திருக்கிறார்கள், அது நாலு விரல் உயரம் கூடுதல். உட்காரும் உயரம் கூடினால் எழுவது சுலபம், அவ்வளவுதான் அற்புதம். அன்றிலிருந்து எங்கே போனாலும் முதலில் டேப் எடுத்து நாற்காலியை அளப்பேன், எல்லாரும் சிரிப்பார்கள்.

இப்போது 14.2. அது எழுந்து நடந்து திரும்பும் சோதனை. கைப்பிடி உள்ள நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் வரை எத்தனை விநாடி என்று பார்ப்பது. இதில் கையை ஊன்றி எழலாம், கைத்தடி வழக்கம் என்றால் அதையும் பிடித்துக்கொள்ளலாம், எழுதி வைத்தால் போதும். 1986இல் நேரம் பார்க்காமல் கண்ணால் மதிப்பிடும் சோதனையாக வந்தது, 1991இல் கனடாக்காரர்கள் அதற்கு ஸ்டாப்வாட்சைச் சேர்த்தார்கள். 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் ஆபத்து என்று அதே அமெரிக்க மையம் சொல்கிறது, 13.5 என்று இன்னொரு எண்ணும் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அந்த 13.5 வந்த 2000ஆம் ஆண்டு ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் முப்பதே பேர், அடிக்கடி விழுந்தவர்கள் பதினைந்து, விழாதவர்கள் பதினைந்து. பின்னால் நிறைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து யார் விழுவார் என்று சொல்வது சரிவராது என்றுதான் முடித்தார்கள். அதனால் 14.2இலிருந்து 13.1க்கு வந்து 13.5ஐத் தாண்டிவிட்டார், இனிமேல் விழ மாட்டார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடந்த ஒரு வருடத்தில் அம்மா விழுந்தாரா, குளியலறையில் ஈரம் இருக்கிறதா, ராத்திரி தூக்க மாத்திரை போடுகிறாரா, கண் சரியாகத் தெரிகிறதா என்ற கேள்விகள் எனக்கு அந்த எண்ணைவிட முக்கியம்.

சரி, அந்த 1.1 விநாடி குறைந்தது முன்னேற்றமா? இங்கேதான் நான் திட்டவட்டமாகப் பேச முடியாத இடம். ஒரே ஆளை, அவர் உடம்பில் எந்த மாற்றமும் இல்லாதபோது, இரண்டு நாளில் இரண்டு தடவை அளந்தாலே எண் ஒன்றாக இருக்காது. தூக்கம், மழை, மாத்திரை போட்ட நேரம், செருப்பு, ஸ்டாப்வாட்ச் பிடித்தவரின் விரல், எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் ஆட்டும். முட்டியும் இடுப்பும் மாற்றக் காத்திருந்தவர்களை வைத்துக் கனடாவில் 2005இல் வந்த ஓர் ஆய்வு அந்த ஆட்டத்தை அளந்தது. எழுந்து நடந்து திரும்புவதில் சுமார் 2.5 விநாடிக்கு மேல் மாறினால்தான் அது உண்மையான மாற்றம் என்று தைரியமாகச் சொல்லலாம், 40 மீட்டர் வேக நடையில் சுமார் 4 விநாடி, படி ஏறி இறங்குவதில் ஐந்தரை விநாடி, ஆறு நிமிட நடையில் 61 மீட்டர். அந்தக் கணக்குப்படி 1.1 விநாடி என்பது ஆட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆனால் மேலே சொன்ன இடுப்பு ஆய்வில் 0.8 முதல் 1.4 விநாடி குறைந்தாலே நல்ல முன்னேற்றத்துக்கு அடையாளம் என்று வந்தது. இரண்டும் மோதுகிற மாதிரி இருக்கும். ஒன்று அளவுகோலின் நடுக்கத்தைப் பற்றியது, மற்றது ஆளுக்கு வித்தியாசம் தெரிகிற அளவைப் பற்றியது, ஆட்களும் வேறு நோயும் வேறு. என்னைக் கேட்டால், அந்த 1.1ஐ மட்டும் வைத்து நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இன்னும் ஆறு வாரம் கழித்து மறுபடி குறைந்திருந்தால் அப்போது நம்புவேன்.

மூன்றாவது எண் 42, 40 மீட்டர் நடை. பத்து மீட்டர் தூரத்துக்குக் கோடு போட்டு, பத்திரமாக எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக நான்கு தடவை நடக்க வேண்டும். திரும்பும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 42 விநாடி என்றால் விநாடிக்கு 0.95 மீட்டர், 38 விநாடி என்றால் 1.05. அந்த நாலு விநாடி கனடாக்காரர்களின் எல்லைக்கோட்டில் வந்து சரியாக நிற்கிறது, ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் மூன்று எண்ணும் ஒரே பக்கமாக நகர்ந்திருக்கிறதே, அதைப் பாருங்கள். ஒன்று தெளிவாக, ஒன்று எல்லையில், ஒன்று சந்தேகமாக, ஆனால் மூன்றும் நல்ல பக்கமாக. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இரண்டாவது தடவை செய்கிறவர்கள் முதல் தடவையைவிடக் கொஞ்சம் நன்றாகத்தான் செய்வார்கள், என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று பிடிபட்டிருக்கும். முதல் நாளே ஒரு ஒத்திகை பார்த்துவிட்டு அளந்தார்களா என்று பிசியோவிடம் கேளுங்கள்.

எக்ஸ்ரே இருக்கும்போது இது எதற்கு என்பதற்கு வருகிறேன். எக்ஸ்ரேயில் எலும்புக்கு நடுவே எவ்வளவு இடைவெளி மிச்சம், ஓரத்தில் எலும்பு முளைத்திருக்கிறதா என்று பார்த்து 0 முதல் 4 வரை தரம் போடுவார்கள், 1957இலிருந்து இருக்கிற முறை. அறுவை சிகிச்சை செய்கிறவருக்கு அது வேண்டும். ஆனால் அந்தத் தரத்துக்கும் ஆள் படும் பாட்டுக்கும் ஒட்டு உறவு குறைவு, இது எங்கள் தொழிலில் யாரும் சந்தேகப்படாத விஷயம். கரும்புத் தோட்டத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த ஒரு பாட்டியின் எக்ஸ்ரேயைப் பார்த்தால் நடக்கவே முடியாது என்று நினைப்பீர்கள், அவர் ஞாயிற்றுக்கிழமை காத்ர் போர்ன் சந்தையில் இரண்டு பை தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் போகிறார். எக்ஸ்ரேயில் லேசான தேய்மானம்தான் என்று எழுதிய ஒரு டீச்சரால் பஸ்ஸில் ஏற முடியவில்லை. மூட்டின் படம் ஒன்று, கால் செய்யும் வேலை இன்னொன்று.

அதனால்தான் மூட்டுத் தேய்மான ஆராய்ச்சிக்கென்றே இருக்கும் சர்வதேசச் சங்கம் 2013இல் இடுப்பு, முட்டித் தேய்மானக்காரர்களுக்கு என்று ஐந்து சோதனைகளைப் பரிந்துரைத்தது. நாற்காலி, 40 மீட்டர் நடை, படி ஏறி இறங்குவது, இந்த மூன்றும் கட்டாயம் வேண்டியவை. எழுந்து நடந்து திரும்புவதும் ஆறு நிமிட நடையும் கூடுதல். எல்லாமே நாம் தினமும் செய்கிற வேலைகள்தான், மெஷின் எதுவும் வேண்டாம். உங்கள் பிசியோ படியைச் சேர்க்கவில்லை, அங்கே சரியான படிக்கட்டு இல்லாமல் இருக்கலாம். சேர்த்திருந்தால் நல்லது, ஏனென்றால் முட்டிக்காரர்கள் முதலில் தோற்பது படியில்தான். பாரத்தை அளக்கும் கருவியை உள்ளேயே வைத்த செயற்கை மூட்டைப் பொருத்திக்கொண்டவர்களிடம் அளந்திருக்கிறார்கள். சமதரையில் நடக்கும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும் முட்டியில் விழும் பாரம் உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு, படி இறங்கும்போது மூன்றரை மடங்கு அளவுக்குப் போகிறது. ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம் என்று எல்லா அம்மாக்களும் சொல்வது வீண் புலம்பல் இல்லை. கோர் த கார்ட் மலைச் சரிவிலிருக்கும் முருகன் கோவிலுக்குத் தைப்பூசக் காவடி அன்று ஏறுவதற்கு எத்தனை பேர் என்னிடம் நவம்பரிலேயே வந்து நிற்கிறார்கள் தெரியுமா! ஏறிவிடுவேன் அம்மா, இறங்கத்தான் பயம் என்பார்கள்.

இனி முக்கியமான இடம், வலி அப்படியே இருக்கிறது என்று அம்மா சொல்வது. தாளை வைத்துக்கொண்டு அம்மாவிடம் வாதாடாதீர்கள். ஸ்டாப்வாட்ச் அளப்பது கால் என்ன செய்கிறது என்பதை, அம்மா சொல்வது செய்யும்போது எப்படி இருக்கிறது என்பதை. அந்த இரண்டாவதை அளப்பதற்குத்தான் கேள்வித்தாள்கள் இருக்கின்றன, வோமாக் என்று ஒன்று, கனடாவின் இரண்டு பல்கலைக்கழகங்களின் பெயரைச் சேர்த்துச் சுருக்கியது, 24 கேள்வி, வலிக்கு ஐந்து, விறைப்புக்கு இரண்டு, அன்றாட வேலைக்குப் பதினேழு. வேடிக்கை என்னவென்றால், "படி இறங்க எவ்வளவு கஷ்டம்" என்று கேட்டாலும் ஆட்கள் பெரும்பாலும் வலியைத்தான் பதிலாகச் சொல்கிறார்கள். இது நன்றாகத் தெரிய வருவது அறுவை சிகிச்சைக்கு அப்புறம். முட்டி மாற்றிய முதல் மாதத்தில் தொடைத் தசையின் பலம் பாதிக்கு மேல் விழுந்துவிடுகிறது, ஸ்டாப்வாட்சில் முன்பைவிட மெதுவாகத்தான் நடப்பார்கள், ஆனால் பழைய வலி போயிருக்கும், அதனால் முன்பைவிட நன்றாக நடக்கிறேன் என்று கேள்வித்தாளில் எழுதுவார்கள். பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அப்படித்தான் இருக்கிறது.

உங்கள் அம்மாவுக்கு இப்போது நடந்திருப்பது அதன் தலைகீழாக இருக்கலாம். தசை கொஞ்சம் தேறியிருக்கிறது, அதனால் முன்பு தவிர்த்த வேலைகளையும் செய்கிறார், முன்பு வாரம் ஒரு முறை போன கடைக்கு இப்போது மூன்று முறை போகிறார், நாளின் முடிவில் வலி அதே அளவு. அப்படி என்றால் அதே வலிக்கு அதிக வேலை நடக்கிறது என்று அர்த்தம். அல்லது வலி உண்மையிலேயே குறையவில்லை, பயிற்சி வலிக்குப் போதவில்லை, மாத்திரையையோ உடல் எடையையோ பற்றி டாக்டரிடம் பேச வேண்டியிருக்கும். எது என்று எனக்கு இங்கிருந்து தெரியாது. அம்மாவிடம் "வலி இருக்கிறதா" என்று கேட்காமல் "இப்போது என்னென்ன செய்கிறீர்கள், பயிற்சிக்கு முன்னால் செய்யாதது எது" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வேறு மாதிரி வரும்.

இன்னொரு சங்கதியையும் மெதுவாக விசாரியுங்கள். என்னிடம் வந்த ஒரு பெரியவர் ஒவ்வொரு தடவையும் சோதனையில் ஆமை மாதிரி நடப்பார், முடிந்ததும் வாசலில் மகன் காரைத் தப்பான இடத்தில் நிறுத்தியிருப்பதைப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று போவார். வெகுநாள் கழித்துத்தான் சொன்னார், நன்றாக நடந்தால் ஆபரேஷன் லிஸ்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்று மனைவி சொல்லியனுப்பியிருக்கிறாராம். அந்தப் பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது, பாவம். அறுவை சிகிச்சையை முடிவு செய்ய டாக்டர்கள் வலி, எக்ஸ்ரே, தூக்கம் கெடுவது, மற்ற சிகிச்சை பலித்ததா என்று பலதையும் பார்ப்பார்கள். நாற்காலியில் நான்கு தடவை எழுந்தார் என்பதற்காக மட்டும் யாரையும் தள்ளி வைத்ததை நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு அப்படி ஒரு எண்ணம் இருந்தால், பிசியோவிடமே நேராகக் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

இந்தச் சோதனைகளிடம் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. ஐந்திலும் தரையில் உட்கார்ந்து எழுவது இல்லை. இவற்றைத் தொகுத்தவர்கள் நாற்காலி ஊர்க்காரர்கள், அவர்களுக்கு அது தோன்றியிருக்காது. நம் அம்மாக்கள் மூட்டு மாற்றிக்கொள்ள ஆசைப்படுவதற்குக் காரணம் கேட்டால் பாதிப் பேர் சொல்வது பூஜையில் எல்லாரோடும் தரையில் உட்கார வேண்டும் என்பதுதான், பிளாஸ்டிக் நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்திருப்பது அவர்களுக்கு ஒரு தலைகுனிவு. நான் என் நோட்டில் அதற்கு ஒரு வரி தனியாக வைத்திருக்கிறேன், தரையிலிருந்து எழ எதைப் பிடித்தார், யார் கை கொடுத்தார் என்று. அதற்கு அட்டவணையும் இல்லை, எல்லைக்கோடும் இல்லை, என் சொந்த வழக்கம், அவ்வளவுதான். முட்டி மாற்றியவர்கள் சம்மணம் போடலாமா என்பது வேறு கேள்வி, பொருத்திய டாக்டர் சொல்வதுதான் அதில் முடிவு.

வீட்டில் எடுக்கலாமா? நாற்காலியும் எழுந்து நடந்து திரும்புவதும் தாராளமாக எடுக்கலாம், நீங்கள் பக்கத்தில் நின்றால். ஒவ்வொரு சோதனைக்கும் எப்போதும் அதே நாற்காலி, சுவரோடு ஒட்டி, தரை வழுக்காத இடம், மூன்று மீட்டரை டேப்பால் அளந்து ஒட்டுப் பட்டை ஒட்டிவிடுங்கள், போனில் ஸ்டாப்வாட்ச் போதும். எப்போதும் நாளின் அதே வேளையில் எடுங்கள், காலை எழுந்த உடனே வேண்டாம், விறைப்பு விடட்டும். வலி மாத்திரை போட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று, செருப்பா வெறுங்காலா என்று பக்கத்தில் எழுதுங்கள், முடிந்ததும் வலி பத்துக்கு எத்தனை என்றும் கேட்டு எழுதுங்கள், அந்த ஒரு எண் இல்லாமல் மற்றவை பாதிதான். மூன்று வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம், தினமும் அளந்தால் அந்த ஆட்டத்தைப் பார்த்து நீங்கள்தான் படபடப்பீர்கள். நாற்காலியில் உற்சாகப்படுத்துகிறேன் என்று ஒரு நாள் "இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று" என்று கத்திவிட்டு அடுத்த முறை சும்மா நின்றாலும் எண் மாறும். நடையில் "வழக்கம் போல நடங்கள்" என்பதும் "வேகமாக நடங்கள்" என்பதும் வேறு சோதனைகள், எதைச் சொன்னீர்களோ அதையே எப்போதும் சொல்லுங்கள். பிசியோ எடுத்த எண்ணோடு வீட்டு எண்ணைக் கலக்காதீர்கள், இரண்டு பக்கமாக எழுதுங்கள்.

படிச் சோதனையை வீட்டில் நேரம் பார்த்துச் செய்ய வேண்டாம், அவசரத்தில் இறங்கும்போதுதான் விழுவார்கள். ஆறு நிமிட நடையும் வேண்டாம். அதற்கு 30 மீட்டர் வராந்தா வேண்டும், அதைவிட முக்கியம் இதயம். போன மாதத்தில் மாரடைப்பு வந்தவர்களுக்கு, சும்மா இருக்கும்போதே நாடி 120ஐத் தாண்டுகிறவர்களுக்கு, ரத்த அழுத்தம் 180க்கு 100ஐத் தாண்டியவர்களுக்கு நாங்களே செய்வதில்லை. எந்தச் சோதனையிலும் நெஞ்சு இறுகினால், தலை சுற்றினால், அங்கேயே நிறுத்துங்கள். முட்டி திடீரென்று சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது தேய்மானத்தின் வேலை இல்லை, ஸ்டாப்வாட்சை வைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வையுங்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரம் ஒரு முறை எல்லாச் சோதனையும் எடுத்துத் தரச் சொல்லிப் பிசியோவிடம் கேளுங்கள், முடிந்தால் படியையும் சேர்த்து. முட்டி மாற்றி ஒரு மாதத்தில் அம்மாவுடைய எண்கள் அதைவிடக் கீழே போயிருக்கும், அப்போது யாரும் பதற வேண்டாம் என்பதற்காக இப்போதே சொல்லி வைக்கிறேன். மூன்றாவது மாதத்தில் எடுத்ததை அந்தப் பழைய தாளோடு வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அம்மா கையைக் கட்டிக்கொண்டு எத்தனை தடவை எழுந்தார் என்று எனக்கும் தெரிய வேண்டும்.